படத்தின் ஓரத்தில் விரல்கள்

பம்பாயிலிருந்து வந்த தாளில் என் பெயருக்கு நேராகச் சைபர் போட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படி ஒரு தாள் வரும். எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர்கள் குத்திக்கொள்வதற்கென்று ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நம் மேல் விழுகிற கதிரை அது தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். பம்பாய்க்கு அனுப்பினால், எவ்வளவு விழுந்தது என்று பார்த்து எழுதுவார்கள். பதினோரு வருஷமாக எனக்குச் சைபர்தான். படம் எடுக்கிற காசிராஜன் அண்ணாச்சிக்கும் சைபர்தான். "பாத்தியா பூங்கொடி, நம்ம ரூம்பு எம்புட்டு சுத்தம்னு" என்று தாளை ஆட்டிக் காட்டுவார். அவர் படம் எடுப்பவர், நான் பிள்ளை பிடிக்கிறவள்.

பிள்ளை பிடிக்கிறவள் என்றதும் சாக்கோடு தெருவில் திரிகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டியில் இருமாத பிள்ளை எது? ரெண்டு வாரம் இருமினால் பிரைமரி காம்ப்ளெக்ஸோ, அதான் பிள்ளைகளுக்கு வருகிற காசமோ என்று டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், உடனே நெஞ்சுப் படம். பிள்ளை சும்மா நிற்குமா? பெற்றவள் பிடித்தால் இன்னும் அதிகமாகத் துள்ளும். அப்பன்காரன் பிடித்தால் அவன் கையே நடுங்கும். நான் பிள்ளையின் கை இரண்டையும் மேலே தூக்கி, தலையோடு சேர்த்துப் பிடித்து, "இந்தா, காக்கா பாரு" என்றால் ஒரு கணம் மூச்சடக்கி மேலே பார்க்கும். அண்ணாச்சிக்கு அந்த ஒரு கணம் போதும். கயத்தாற்றிலிருந்தும் கடம்பூரிலிருந்தும் வருகிறவர்கள்கூட 'அந்தப் பிடிக்கிற அக்கா இருக்காவளா' என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் போடுவார்கள். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

அறையில் ஈயம் வைத்த ஏப்ரன் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. கறுப்பு ரப்பர், நிறைகுடம் மாதிரி கனக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒழுங்காகத்தான் கட்டிக்கொண்டேன். அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே பிள்ளைகள் வீறிட்டுக் கத்தின. சேலையோடு தூக்கினால் அடங்கின. அதனால் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டேன். பேட்ஜ் தொலைந்தால் பம்பாய்க்குப் பதில் எழுத வேண்டும் என்று பெரிய டாக்டர் மிரட்டி வைத்திருந்தார். சேலையில் குத்தினால் பிள்ளைகள் பிய்த்து வாயில் வைக்கும். அதனால் பேட்ஜை ஏப்ரனிலேயே குத்தி வைத்தேன், பத்திரமாக. அந்த ஆணியோ, அண்ணாச்சி ஒதுங்கி நிற்கிற ஈயத் தட்டிக்குப் பின்னால். பிறகு சைபர் வராமல் என்ன வரும், நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்ஜ் காவலுக்கு இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அறைக்குள் இருக்கிறவரை அறையில் இருக்கிறவர்களை ஒன்றும் அண்டாது என்று நம்பினேன். பதினோரு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒரு சைபர் வந்து அந்த நம்பிக்கையைக் கெட்டிப்படுத்திக்கொண்டே இருந்தது.

பயம் இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கதிருக்குச் சத்தம் கிடையாது, வாடை கிடையாது, சூடு கிடையாது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தபோது மருந்தின் நெடி வீடு வரைக்கும் கூடவே வரும், சோற்றில்கூட வரும். இங்கே பட்டனை அழுத்தினால் 'டக்' என்று மிஷின்தான் சத்தம் போடும். கதிர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஐந்து நிமிஷம் கழித்து இருட்டறையிலிருந்து ஈரப் படத்தைக் கொண்டுவந்து அண்ணாச்சி வெளிச்சத்தில் காட்டும்போதுதான், அட, போயிருக்கிறதே என்று தெரியும். சற்று முன்னால் என் தோளில் மூக்கைத் துடைத்த பிள்ளையின் விலா எலும்புகள் வரிசையாக இருக்கும், நடுவில் சின்ன இதயம் சாய்ந்தாற்போல இருக்கும். உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையின் உள்ளே இருப்பதைச் சாமிதான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தவள் நான். பதினோரு வருஷம் ஆகியும் ஒவ்வொரு படத்துக்கும் எட்டிப் பார்ப்பேன். "எத்தனை தடவதான் பாப்ப? எல்லாப் பிள்ளைக்கும் அதே எலும்புதானட்டி" என்று அண்ணாச்சி சடைத்துக்கொள்வார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆனி மாதம் அந்தச் சைபர் வந்தபோது எனக்குத் தள்ளிப்போய் ஐம்பத்திரண்டு நாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம். செண்பகவல்லி அம்மனுக்கு நான் நேராத நேர்ச்சை இல்லை. உறுதியானதும் முதலில் சொன்னது என் வீட்டுக்காரர் தவசியிடம்தான். பஞ்சு அரவை மில்லில் வேலை அவருக்கு. தலைமுடியெல்லாம் பஞ்சோடு வாசலில் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்தான். ஐந்தாம் நாள் சோற்றுத் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?"

"கோவப்படுத மாதிரி இருந்தா படத்தான் செய்வேன். சொல்லுங்க."

"டீக்கடையில ஒருத்தரு, மணியாச்சிக்காரரு, ரயில்வேல இருக்காரு. எக்ஸ்ரே ரூம்புல வேலை பாத்த பொம்பளைக்குப் பிள்ளை கை கால் சரியில்லாம பொறந்துச்சாம். அவரு கண்ணால பாத்தேங்காரு. மூணு மாசத்துக்குள்ளன்னா…" நிறுத்திக்கொண்டார்.

"கலைச்சிரணும். அதானே? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்."

"எனக்கு மட்டும் ஆசையாட்டி? நாம இருக்குத வரைக்கும் பாத்துக்கிடுவோம். நமக்குப் பெறவு அதை யாரு பாப்பா?"

தட்டை விசிறி அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கும் வந்திருந்தது. நான் கேட்கப் பயந்ததை அவர் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த நாளே டாக்டர் ராமலட்சுமியிடம் போனேன். பிரசவம் பார்க்கிற டாக்டர். கோபம் மூக்குமேல் நிற்கும், ஆனால் கைராசிக்காரர். விஷயத்தைச் சொன்னேன்.

"பேட்ஜ் உண்டுல்லா? என்ன காட்டுது?" என்றார்.

"சைபர்மா."

"எத்தனை வருஷமா?"

"எல்லா வருஷமும் சைபர்தான்."

"பெறவு எதுக்கு இந்த அழுகை? டீக்கடையில சொல்லுததை எல்லாம் நம்பிக்கிட்டு. இனிமே பிள்ளை பிடிக்கப் போகாத, முன்னால உக்காந்து டோக்கன் போடு. போ, போயி நல்லாச் சாப்பிடு."

படியிறங்கும்போது காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. மிட்டாய்க் கடையில் நின்று கடலை மிட்டாய் வாங்கி வாயில் போட்டேன். இனிக்கவே இல்லை. 'எல்லா வருஷமும் சைபர்' என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. மிட்டாயை மென்றபடி நடந்தவள், ரயில்வே கேட் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். அந்தச் சைபர் எனக்கு உள்ளதா? பதினோரு வருஷமாகத் தட்டிக்குப் பின்னால் இருக்கிற ஆணிக்கு உள்ளதா? ஆணி பிள்ளை பிடிக்கவில்லை. நான்தான் பிடித்தேன். அட மூதேவி, அட மடச்சி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எதிரே வந்த ஆள் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று ஒதுங்கிப் போனார்.

அப்படியானால் எனக்கு எவ்வளவு? அதைச் சொல்ல ஒரு தாளும் இல்லை. யாரைக் கேட்பது?

மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போனதும் பின்னறைக்குள் போனேன். ஆடிப்போன படங்களை அங்கே கட்டுக் கட்டாக வைத்திருப்போம். பிள்ளை அசைந்துவிட்டால் படம் கலங்கிவிடும், மறுபடி எடுக்க வேண்டும். கலங்கிய படத்தை, அதில் பூசியிருக்கிற வெள்ளிக்காக வாங்கிப் போக மதுரையிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஆள் வருவார். ஒரு நாளில் எத்தனை பிடிக்கிறேன், எத்தனை மறுபடி எடுக்கிறோம் என்று கணக்குப் பிடிக்கலாமே என்றுதான் போனேன். ஒரு கட்டை அவிழ்த்து முதல் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.

கைப்பிள்ளை ஒன்றின் நெஞ்சுக்கூடு. மேலே தூக்கிய இரண்டு குட்டிக் கைகள். அந்தக் கைகளைச் சுற்றிப் படத்தின் ஓரத்தில் பெரிய விரல்கள், சதை இல்லாமல், வெள்ளை வெள்ளையாக. சுண்டுவிரலின் மேல்கணு மட்டும் கோணிக்கொண்டு நின்றது. என் இடது கையைப் பார்த்தேன். பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற சட்டம் விழுந்து ஒடிந்த சுண்டுவிரல். அதே கோணல்.

எத்தனை ஆயிரம் படத்தை எட்டிப் பார்த்திருப்பேன். எப்போதும் பிள்ளையைத்தான் பார்த்தேன். ஓரத்தைப் பார்த்ததே இல்லை. அடுத்த படத்தை எடுத்தேன், அதிலும் நான். அதற்கடுத்ததிலும் நான். சிலதில் மணிக்கட்டு வரைக்கும், சிலதில் மோதிரத்தோடு, வளையலோடு. அந்த ஒரு கட்டில் மட்டும் நாற்பத்து மூன்று படத்தில் இருந்தேன். இது ஆடிப்போன படங்கள் மட்டும்தானே? ஆடாத படங்கள் எல்லாம் ஊர் ஊராக, டிரங்குப் பெட்டியிலும் பாய்க்கு அடியிலும் அல்லவா இருக்கின்றன? எத்தனை வீட்டில் அவர்கள் பிள்ளையின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் எலும்புக் கை இருக்கிறது! பம்பாய்க்குத் தெரியாதது அத்தனை வீட்டுக்கும் தெரியும். பயந்துபோய் வந்தவள், பயத்தையே மறந்து வெகுநேரம் அங்கே நின்றேன்.

அந்தப் படக் கட்டை அப்படியே ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டர் ராமலட்சுமியிடம் போனேன். அவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இது யாரு கை?"

"எங் கைதாம்மா."

"இது?"

"அதுவும் நாந்தான்."

ஐந்தாவது படத்துக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கடைசிப் படம் வரைக்கும் ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு என் இடது கையைப் பிடித்து மேஜைமேல் வைத்து, தோலையும் நகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஏன் எங்கிட்ட பொய் சொன்ன?"

"பொய் சொல்லலம்மா. தாள்ல சைபர்தான் இருந்துச்சு. அது ஆணியோட சைபர்."

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார், என்னை அல்ல. ஏப்ரன் ஒன்றே ஒன்று வாங்கிப் போட்டவரையும், பேட்ஜ் எதற்கு என்று பதினோரு வருஷமாக எனக்குச் சொல்லாதவர்களையும் சேர்த்துத் திட்டினார். பிறகு மதுரைக்குப் போன் போட்டார். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற இடத்தில் அளவு பார்க்கிறவராம், செண்பகராஜ் என்று பெயர். அவர் கேட்கக் கேட்க டாக்டரம்மா என்னைக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளை பிடிப்பாய்? பிள்ளைக்கும் உன் வயிற்றுக்கும் எத்தனை சாண் இருக்கும்? முன்னால் நிற்பாயா, பக்கவாட்டிலா? நான் எழுந்து நின்று, இல்லாத ஒரு பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். டாக்டரம்மா தன் ஸ்கேலை எடுத்து அளந்தார்.

நாலு நாள் கழித்து மதுரையிலிருந்து பதில் வந்தது. என்னை உட்கார வைத்தார்.

"ரெண்டு விஷயம் இருக்கு பூங்கொடி. வயித்துல இருக்குததுக்கு இந்த ரெண்டு மாசத்துல என்ன போச்சுங்கது ஒண்ணு. அதுக்கு முன்னால, பதினோரு வருஷமா உன் முட்டைக்கு என்ன போச்சுங்கது இன்னொண்ணு."

"மாசா மாசம் ஒண்ணு வந்து போயிருதுல்லாம்மா? பழசுக்கு வந்தது பழசோட போயிருக்காதா?"

"மாசா மாசம் ஒண்ணு வெளிய வருது, அவ்வளவுதான். புதுசா ஊறாது. ஆம்பளைக்குத்தான் புதுசு புதுசா ஊறும். பொம்பளைக்கு இருக்குத முட்டை பூராவும் அவ பொறக்குததுக்கு முன்னாடியே உண்டாயிரும். நீ உங்கம்மா வயித்துல இருக்கையிலேயே இந்தப் பிள்ளைக்கு உள்ளது உனக்குள்ள இருந்துச்சு."

நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடம்பூர் பக்கம் கரிசக்காட்டில் பருத்தி எடுத்தவள். வலி வந்த அன்றைக்கும் மடி நிறையப் பருத்தியோடுதான் வீட்டுக்கு வந்தாளாம். அந்தக் காட்டில், அந்த வெயிலில், அவளுக்குள் நான் இருந்தேன், எனக்குள் இது இருந்ததா? கண்ணுக்குத் தெரியாத தூசி அளவில், முப்பத்து மூன்று வருஷம் என்னோடு இருந்ததா? நான் குச்சி அடுக்கும்போதும், கல்யாணத்துக்குத் தலைகுனிந்து நின்றபோதும், பதிமூன்று வருஷம் பிள்ளை இல்லை பிள்ளை இல்லை என்று அழுதபோதும் உள்ளேதான் இருந்ததா? ஆத்தாடி! டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"பயந்துறாத. முழுசாக் கேளு. உன் கைக்குத்தான் நிறையப் போயிருக்கு. வயித்துக்குப் போனது நீ பிடிச்ச பிள்ளை மேல பட்டுச் சிதறி வந்ததுதான், குறைச்சல். எவ்வளவு கூட்டிக் கணக்குப் போட்டாலும், வயித்துப் பிள்ளைக்குக் கெடுதல்னு பயப்படுத அளவுல நூத்துல ஒரு பங்குகூட வரல. பதினோரு வருஷத்துக்கும் சேத்துப் பாத்தா, மண்ணுல இருந்தும் ஆகாசத்துல இருந்தும் எல்லாருக்கும் விழுதுல்லா, அது மாதிரி இன்னொரு பங்கு உனக்கு விழுந்திருக்கும். ஜப்பான்ல குண்டு விழுந்த ஊர்ல பொழைச்சவங்க, அதுக்கப்புறம் பெத்த பிள்ளைகளை அம்பது வருஷமாப் பாத்துட்டு வாராங்க. பெத்தவங்க வாங்குன கதிரால இந்தக் குறை வந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒண்ணையும் காட்ட முடியல."

"அப்ப ஒண்ணும் இல்லையாம்மா?"

"ஒண்ணுமே இல்லன்னு எழுதித் தர மாட்டேன். எந்தப் பிள்ளைக்கும் அப்படி எழுதித் தர முடியாது. எக்ஸ்ரேயைக் கண்ணால பாக்காத வீட்லயும் நூறு பிள்ளையில ரெண்டு மூணுக்கு ஏதாவது குறை இருக்கத்தான் செய்யுது. கொஞ்சம் விழுந்திருக்கு, ரொம்பக் கொஞ்சம். இதுக்காகக் கலைக்கச் சொன்னா நான் செய்ய மாட்டேன்."

வீட்டுக்கு வந்து தவசியிடம் அத்தனையையும் சொன்னேன். "ஒண்ணும் இல்லன்னு சொன்னாவளா?" என்று அவரும் அதையேதான் கேட்டார். "இல்ல, கொஞ்சம்னு சொன்னாவ" என்றேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு, "சைபர்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அந்த டீக்கடைக்கும் போகவில்லை.

மாசியில் பெண் பிறந்தாள். கால் முன்னால் வந்த பிள்ளை. பிறந்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் எண்ணினேன். இருபதும் இருந்தன. ப்ரியதர்ஷினி என்று தவசி பெயர் வைத்தார். ஊரில் ஒருத்தர் வாயிலும் முழுசாக நுழையாமல் ப்ரியா ஆகிவிட்டாள்.

நாலாம் மாதம் தடுப்பூசிக்குக் கொண்டு போனபோது டாக்டரம்மா அவள் தொடைகளை விரித்துப் பார்த்தார். மறுபடி விரித்தார். வலது தொடையில் மடிப்பு ஒன்று கூடுதலாக இருந்தது, அந்தக் கால் முழுசாக விரியவில்லை.

"இடுப்பு மூட்டு சரியா உக்காரலையோன்னு தோணுது. படம் எடுத்துப் பாத்துரணும்."

தவசி எழுந்துவிட்டார். "அன்னைக்குச் சொன்ன அந்தக் கொஞ்சம்… அதாம்மா?" என்றார்.

"இல்லய்யா. முதப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை, கால் முன்னால வந்த பிள்ளை, இவங்களுக்கு இது வர்றதுதான். இப்ப கண்டுபிடிச்சா வார் கட்டியே சரியாக்கிரலாம். விட்டுட்டா காலம் பூரா நொண்டணும்."

எனக்கு வேறொன்று நெஞ்சில் இடித்தது. இடுப்புப் படம். நெஞ்சுப் படம் இல்லை.

"டாக்டரம்மா, இவளுக்கு உள்ளயும் இப்பவே… முட்டை எல்லாம் இருக்குமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இருக்கும். லட்சக்கணக்குல. அதனாலதான் ஒரே ஒரு படம், நடுவுல ஈயம் வச்சு. நானே எழுதித் தாரேன்."

சீட்டைப் பார்த்த காசிராஜன் அண்ணாச்சி முணுமுணுத்தார். ஈயம் நகர்ந்தால் மூட்டை மறைத்துவிடும், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், பெரிய வம்பு என்றார். "நகராம வைங்க அண்ணாச்சி. நான் பதினோரு வருஷம் உங்களுக்கு நகராமப் பிடிச்சிருக்கேம்லா?" என்றேன். அவர் எழுந்து போனார். கதவுக்கு அடித்த ஈயத் தகட்டில் மிச்சம் கிடந்ததை எடுத்து, தகரம் வெட்டுகிற கத்தரியால் வெற்றிலை அளவுக்கு வெட்டினார். ஓரத்தைத் தேய்த்து மழுக்கினார். சுத்தமான துணியில் சுற்றினார். பிறகு பிள்ளையின் அடிவயிற்றில் வைத்து, எடுத்து, விரலால் அளந்து, ஒரு நூலளவு மேலே ஏற்றி வைத்து டேப் ஒட்டினார். அவ்வளவு பொறுமையாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

தவசிக்கு ஏப்ரனைக் கட்டிவிட்டேன். அவர்தான் காலைப் பிடித்தார். நான் தட்டிக்குப் பின்னால் நின்றேன், அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக. பிள்ளை உதைத்தது. தவசிக்கு என்ன சொல்லி அடக்குவது என்று தெரியவில்லை. மில்லில் ஊதுகிற சங்கு மாதிரி அடித்தொண்டையில் 'ஊ…' என்று இழுத்தார். பிள்ளை அசையாமல் அவர் வாயையே பார்த்தது. டக்.

ஈரம் சொட்டுகிற படத்தை அண்ணாச்சி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அரைச் சாண் நீளத்துக்கு இரண்டு தொடை எலும்புகள். இடுப்பு எலும்பு இன்னும் ஒன்று சேராமல் துண்டு துண்டாக நின்றது. தொடையின் பந்து இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் எலும்பு விளையவில்லை, அந்த வயதில் அப்படித்தான். "வலது பக்கம் கொஞ்சம் மேல நிக்க மாதிரி இருக்கு. டாக்டரம்மாதான் சொல்லணும். மூட்டு மறையல, மறுபடி எடுக்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

தவசி ஏப்ரனைக் கழற்ற மறந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படத்தை அண்ணாந்து பார்த்தார். "நடுவுல அது என்னது, வெள்ளையா? ஒண்ணுமே தெரியலயே."

"அங்கன கதிர் போகலங்க."

"அங்கன என்ன இருக்கு?"

சொல்ல வாயெடுத்தேன். விரலை மட்டும் அந்த வெள்ளைக்கு நேரே நீட்டினேன். இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவில், ஒரு வெற்றிலை அளவுக்கு, ஒரு கோடுகூட விழாத வெள்ளை. நான் பார்க்கப் போகிறவர்கள், நான் பார்க்காமலே போய்விடப் போகிறவர்கள், பெயரில்லாத அத்தனை பேரும் அதற்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தார்கள். பிள்ளை அப்பனின் தோளிலிருந்து எட்டி, ஈரப் படத்தின் நடுவில் பளீரென்று உள்ளங்கையை வைத்தாள். அண்ணாச்சி பதறி இழுப்பதற்குள், ஜன்னல் வெளிச்சம் அந்த வெள்ளையைத் தாண்டி வந்து அவள் ஐந்து விரலிலும் விழுந்தது.